கழுத்துக் கோடு: ஒரு நாட்குறிப்பு

2024 பிப்ரவரி 9, வெள்ளி

தை அமாவாசை. அத்தை விரதச் சமையலில் இருந்ததால் ஆஸ்பத்திரிக்கு நானும் வீட்டுக்காரரும் மட்டும் போய் வந்தோம். கழுத்துக் கட்டைப் பிரித்துவிட்டார்கள். தைராய்டு முழுவதையும் எடுத்தாயிற்று, பயாப்சியில் சாதாரணக் கட்டி என்றே வந்திருக்கிறது. இனி காலையில் வெறும் வயிற்றில் மாத்திரை, அரை மணி கழித்துத்தான் காப்பி. அந்தக் கதை அவ்வளவுதான். இங்கே எழுதப்போவது கழுத்தில் இருக்கிற கோட்டைப் பற்றி.

காறை எலும்புக்கு இரண்டு விரல் மேலே, கழுத்து இயல்பாக மடிகிற இடத்திலேயே வெட்டியிருக்கிறார்கள். சுவிட்சர்லாந்து அறுவை மருத்துவர் தியோடர் கோக்கர் வழக்கத்துக்குக் கொண்டுவந்த வெட்டு இது. தைராய்டு வேலைக்காகவே 1909இல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது. பிளஸ் ஒன் பிள்ளைகளுக்கு வருஷா வருஷம் நாளமில்லாச் சுரப்பி நடத்துகிறவள் நான். இனி படம் வரைய வேண்டியதில்லை, கழுத்தைக் காட்டினால் போதும்.

தையல் எல்லாம் உள்தையல், தானே கரைந்துவிடுமாம். வலது ஓரத்தில் முடிச்சு விழுந்த இடம் மட்டும் அரிசி அளவுக்குத் துருத்திக்கொண்டு நிற்கிறது. மேலே காகித பிளாஸ்திரி ஒட்டி அனுப்பினார்கள். பொருக்கு தானாக உதிரும்வரை எண்ணெய், களிம்பு, மஞ்சள் எதுவும் வைக்கக் கூடாது. பிளாஸ்திரியைச் சும்மா ஒட்டவில்லை, தோலை இரண்டு பக்கமும் இழுக்காமல் பிடித்துக்கொள்ளுமாம். இழுபடுகிற காயம்தான் தடித்துப்போகும்.

பிப்ரவரி 20, செவ்வாய்

பார்க்க வருகிறவர்கள் ஆளுக்கு ஒரு பை சாத்துக்குடியும் ஆளுக்கு ஒரு வைத்தியமும் கொண்டுவருகிறார்கள். கீழ்வீட்டு அக்காவுக்குக் கற்றாழை. ஸ்டாஃப் ரூமில் எலுமிச்சையும் தேனும். (எலுமிச்சைச் சாறு பட்ட தோலில் வெயில் அடித்தால் வெந்து கருத்துப்போகும் என்று அங்கேயே சொல்லிவிட்டேன். வேதியியல் டீச்சருக்கு முகம் சுருங்கிவிட்டது.) பெரியம்மா மகள் வைட்டமின் ஈ மாத்திரைப் பட்டையையே கையோடு எடுத்து வந்திருந்தாள். ஊசியால் குத்தி, பிதுக்கி, ராத்திரி தடவ வேண்டுமாம்.

அதை மட்டும் தேடிப் படித்தேன். 1999இல் மயாமி பல்கலைக்கழகத் தோல் மருத்துவர்கள் 15 பேரிடம் சோதித்திருக்கிறார்கள். ஒரே தழும்பை இரண்டு பாதியாகப் பிரித்து, ஒரு பாதிக்கு வெறும் களிம்பு, மறுபாதிக்கு அதே களிம்பில் வைட்டமின் ஈ கலந்தது. எதில் எது என்று தடவியவர்களுக்கும் தெரியாது, பார்த்தவர்களுக்கும் தெரியாது. நூற்றுக்குத் தொண்ணூறில் வைட்டமின் ஈ பூசிய பாதிக்கு ஒரு நன்மையும் இல்லை, அல்லது இன்னும் மோசம். மூன்றில் ஒருவருக்கு அரிப்பும் தடிப்பும் வேறு. சின்னச் சோதனைதான், ஆனால் தடவுகிறவரையே தராசாக வைத்த விதம் எனக்குப் பிடித்தது. மாத்திரைப் பட்டை அலமாரியில் கிடக்கிறது.

மார்ச் 3, ஞாயிறு

பொருக்கு முழுக்க உதிர்ந்துவிட்டது. நன்றாகத்தான் இருந்தது. இந்த வாரம் பார்த்தால் கோடு சிவந்து, தொட்டால் கயிறு தட்டுப்படுகிற அளவுக்குத் தடித்திருக்கிறது. அரிப்பும் உண்டு.

நேற்று தோல் டாக்டரம்மாவைப் பார்த்தேன். விரல் நுனியால் ஓரத்திலிருந்து ஓரம்வரை நீவிப் பார்த்துவிட்டு முதலில் கேட்ட கேள்வி: "உங்க வீட்ல யாருக்காவது காது குத்தின இடத்துல கட்டி வளந்திருக்கா?"

இருக்கிறது. சித்திக்கு இரண்டாவது குத்து குத்தின இடத்தில் பட்டாணி அளவில் ஆரம்பித்து இப்போது நெல்லிக்காய் அளவு. இருபது வருஷமாக முடியால் மறைத்துக்கொண்டிருக்கிறாள். அதற்குப் பெயர் கீலாய்டு. காயத்தின் எல்லையைத் தாண்டி வளர்வது. காயத்தின் எல்லைக்குள்ளேயே தடித்து நிற்பது வேறு ரகம், அது நாள்பட நாள்பட அமுங்கிவிடும். கறுத்த தோலுக்குக் கீலாய்டு வர வாய்ப்பு அதிகம், குடும்பத்தில் இருந்தால் இன்னும் அதிகம். என் கோடு எல்லை தாண்டவில்லை. முதல் சில மாதம் அநேகமாக எல்லாத் தழும்பும் இப்படித்தான் முறைத்துக்கொண்டு நிற்கும் என்றார்.

காரணம் நான் நடத்துகிற பாடத்திலேயே இருக்கிறது. புண்ணை அவசரமாக மூட உடம்பு மூன்றாம் வகைக் கொலாஜனை (தோலைத் தாங்குகிற புரத நார்)க் கொட்டுகிறது. பிறகு அதைக் கொஞ்சம் கொஞ்சமாகப் பிரித்தெடுத்து உறுதியான முதல் வகையை வைக்கிறது. இந்த வேலை ஒரு வருஷம், சிலருக்கு அதற்கு மேலும் நடக்கும். முடிந்த பிறகும் பழைய தோலின் பலத்தில் எண்பது சதவீதம்தான் தேறும். முடியும் முளைக்காது, வியர்வைச் சுரப்பியும் இருக்காது. ஆக ஏழு நாளில் தழும்பு மறையும் என்று ஒரு டப்பாவில் போட்டிருந்தால் அதை வாங்க வேண்டாம்.

எழுதிக் கொடுத்தது சிலிகான். 1980களின் தொடக்கத்தில் ஆஸ்திரேலியாவில் தீக்காயத் தழும்புகளுக்குப் பயன்படுத்தத் தொடங்கியது, இன்றுவரை தழும்புக்கு முதலில் கை வைப்பது அதில்தான். அது தோலுக்குள் இறங்குவதே இல்லை. மேலே மூடி உட்கார்ந்துகொண்டு தண்ணீர் ஆவியாவதைத் தடுக்கிறது. மேல்தோல் காயாமல் இருந்தால், கீழே கொலாஜன் கொட்டுகிற செல்களுக்கு "போதும்" என்று செய்தி போய்விடுகிறது. ஒட்டுப் படலமாகவும் கிடைக்கிறது, ஜெல்லாகவும் கிடைக்கிறது. படலம் என்றால் நாளுக்குப் பன்னிரண்டு மணி நேரமாவது ஒட்டியிருக்க வேண்டும், இரண்டு மூன்று மாதத்துக்கு.

விலையைக் கேட்டு வீட்டுக்காரர் வாயைத் திறக்கவில்லை. அதுவே ஒரு பதில்.

மார்ச் 25, திங்கள்

பங்குனி உத்திரம், சாஸ்தா கோயில். தேரிக்காட்டு வெயில், பொங்கல் அடுப்புப் புகை, சொந்தபந்தம் அத்தனை பேரும். என் முகத்தைப் பார்த்துப் பேசியவர்களைவிடக் கழுத்தைப் பார்த்துப் பேசியவர்கள் அதிகம். "என்னட்டி கழுத்துல, அறுத்தாப்ல இருக்கு?" அறுத்துத்தான் இருக்கு, மைனி.

புதுத் தழும்பு வெயில் பட்டால் கருத்துவிடும், நம் நிறத்துக்கு அந்தக் கருப்பு போக மாதக்கணக்காகும். எஸ்பிஎஃப் முப்பதுக்குக் குறையாத சன்ஸ்கிரீன், வெளியில் நின்றால் இரண்டு மணிக்கு ஒரு தடவை. துத்தநாக ஆக்சைடு போட்டது என்பதால் கழுத்து சுண்ணாம்பு அடித்த சுவர் மாதிரி ஆகிவிட்டது. மேலே பருத்தித் துப்பட்டா.

பெரிய தொல்லை தாலிச் சங்கிலி. சரியாகக் கோட்டின் மேலேயே வந்து உட்கார்ந்து, குனிந்து நிமிரும்போதெல்லாம் உரசுகிறது. டாக்டரம்மா கழற்றி வைக்கச் சொல்லியிருந்தார். அதை அத்தையிடம் எப்படிச் சொல்வது என்று நான் வாரக்கணக்கில் யோசித்துக்கொண்டிருந்தேன். இன்று கோயிலில் அத்தையே என் கழுத்தைப் பார்த்துவிட்டு, "இது என்னத்துக்கு இப்படிக் கெடந்து அறுக்கு? கழட்டி மஞ்சக் கயித்துல கோத்து, நெஞ்சுக்குக் கீழ தொங்குத மாதிரி நீளமாப் போட்டுக்கோ. வைகாசியில சங்கிலியில கண்ணி சேத்துக்கலாம்" என்றார். பேச்சு அத்தோடு முடிந்தது.

ஏப்ரல் 7, ஞாயிறு

தண்ணீர் குடித்தால் கோடும் கூடவே மேலே ஏறி இறங்குகிறது. கண்ணாடி முன்னால் நின்று விழுங்கிப் பார்த்தேன். தோல் அடியில் தசையோடு ஒட்டிக்கொண்டிருக்கிறது. கழுத்து வெட்டில் இது நடக்கிறதுதானாம், மருந்து வேண்டாம், விரல்தான் வேண்டும்.

ஒரு சொட்டு எண்ணெய். இரண்டு விரல் நுனியைக் கோட்டின் மேல் வைத்து, நகம் வெளுக்கிற அளவுக்கு அழுத்த வேண்டும். அழுத்திய விரல் தோலின் மேல் வழுக்கக் கூடாது, தோலையே அடியில் இருப்பதன் மேல் நகர்த்த வேண்டும். முதலில் வட்டமாக, பிறகு மேலும் கீழும், பிறகு கோட்டை இரு விரலால் கிள்ளித் தூக்கி உருட்ட வேண்டும். ஐந்து நிமிஷம், நாளுக்கு இரண்டு மூன்று தடவை. வெறுமனே எண்ணெய் பூசித் தடவிவிடுவதற்கும் இதற்கும் நிறைய வித்தியாசம். இதில் எண்ணெயின் வேலை விரல் உரசாமல் பார்த்துக்கொள்வது மட்டும்தான்.

சென்னையிலிருந்து வந்த நாத்தனார் பயோ ஆயில் கொடுத்தாள். தென்னாப்பிரிக்காவில் 1987இல் வந்த சரக்கு. பெட்டியைத் திருப்பி வாசித்தால் முதல் பெயர் பாரஃபினம் லிக்விடம், அதாவது கனிம எண்ணெய். லாவெண்டர், ரோஸ்மேரி, வைட்டமின்கள் எல்லாம் பின்வரிசையில். கெடுதல் இல்லை, வழுவழுப்பு நன்றாகவே இருக்கிறது, வாசனை தலைவலிக்காமல் இருக்கிறது. அத்தை அதை முகர்ந்து பார்த்துவிட்டு, "நம்ம செக்கு எண்ணெய்ல என்ன கொறச்சல்?" என்றார். நீவுவதைப் பொறுத்தவரை ஒரு குறைச்சலும் இல்லை. காலையில் இது, ராத்திரி அது என்று இருவர் மனசும் நோகாமல் ஓட்டிக்கொண்டிருக்கிறேன். சிலிகான் போடும் முன் எண்ணெயைச் சோப்புப் போட்டுக் கழுவியாக வேண்டும், இல்லாவிட்டால் ஒட்டாது. அந்த எரிச்சல்தான் பெரிய எரிச்சல்.

மே 11, சனி

கத்திரி. படலத்துக்கு அடியில் வியர்வை தேங்கி, சுற்றிலும் வேர்க்குரு. ஜெல்லுக்கு மாறிவிட்டேன். மெல்லிசாக இழுத்து, ஐந்து நிமிஷம் காயவிட்டு, மேலே சன்ஸ்கிரீன். பாளையங்கோட்டைக்குப் படலம் மார்கழியில்தான் சரிப்படும்.

ஜூன் 15, சனி

ஜெல் வாங்கப் போன மருந்துக்கடையில் பையன், "இது எதுக்குக்கா இவ்வளவு வெல, இதப் போடுங்க, ஒரே வாரத்துல கலர் மாறிரும்" என்று ஒரு சின்ன டியூபை நீட்டினான். எழுத்தைப் படித்தேன். ஹைட்ரோகுயினோன், ட்ரெட்டினாயின், மொமெட்டசோன். கடைசியில் இருப்பது ஸ்டீராய்டு. மங்குக்குக் குறிப்பிட்ட சில வாரம் மட்டும் டாக்டர் கண்காணிப்பில் போடுகிற மருந்து. நம் ஊரில் அது சிவப்பழகு களிம்பாகக் கைமாறிக்கொண்டிருக்கிறது. ஸ்டீராய்டு களிம்புகளைச் சீட்டு இல்லாமல் விற்கக் கூடாத ஷெட்யூல் எச் பட்டியலில் 2018இல் மத்திய அரசு சேர்த்தது. பையன் சீட்டும் கேட்கவில்லை, எத்தனை நாள் என்றும் சொல்லவில்லை.

எனக்குக் கோபம் வந்ததற்கு இன்னொரு காரணம் உண்டு. எதிர்வீட்டுப் பெண், கல்லூரியில் படிக்கிறாள், பரு போன வடுவுக்கு இந்த வகைதான் மாதக்கணக்கில் போட்டிருக்கிறாள். முதலில் பளிச்சென்று ஆனதாம். இப்போது கன்னத் தோல் மெலிந்து சின்னச் சின்ன ரத்தக்குழாய் தெரிகிறது, தாடையோரம் ரோமம், ஒரு நாள் விட்டால் முகம் எரிந்து சிவக்கிறது. சாயங்காலம் அவளைப் பிடித்து உட்காரவைத்து டாக்டரம்மா நம்பரைக் கொடுத்தேன். வாங்கிக்கொண்டாள். போவாளா தெரியவில்லை.

ஆகஸ்ட் 18, ஞாயிறு

சிவப்பு வடிந்து பழுப்பாகிவிட்டது. விழுங்கும்போது இழுப்பது அநேகமாக இல்லை. முடிச்சு இருந்த வலது ஓரம் மட்டும் இன்னும் கொஞ்சம் மேடு.

அத்தை யாரிடமோ சொல்லிவைத்துக் குங்குமாதி தைலம் வரவழைத்திருக்கிறார். நல்லெண்ணெயில் மஞ்சிட்டி, அதிமதுரம், சந்தனம், ஆட்டுப்பால் எல்லாம் சேர்த்துக் காய்ச்சி, குங்குமப்பூ போட்டது. ரசீதைப் பார்த்தேன், சிலிகானுக்கு வாயடைத்த வீட்டுக்காரர் இதற்கு என்ன சொன்னாரோ. ராத்திரி இரண்டு சொட்டு வைத்து நீவுகிறேன். மணமாக இருக்கிறது, தோல் பட்டுப்போல மிருதுவாகிறது. நிறம் மாறுவது தைலத்தாலா, ஆகஸ்ட் ஆனதாலா என்று கேட்டால், ஆகஸ்டுக்குத்தான் என் ஓட்டு. அத்தையிடம் இதைச் சொல்லப்போவதில்லை.

அக்டோபர் 19, சனி

தீபாவளிக்கு ரவிக்கை தைக்கக் கொடுத்தேன். டெய்லர், "கழுத்து ஏத்தி வச்சிரவா டீச்சர்?" என்று கேட்டார். வழக்கமான அளவே போதும் என்றேன்.

டாக்டரம்மாவிடம் காட்டினேன். ஜெல்லை நிறுத்தலாம், சன்ஸ்கிரீனை நிறுத்தக் கூடாது. ஓரத்து மேட்டுக்கு வேண்டுமானால் லேசர் உண்டு என்றார், அவசியம் இல்லை என்றும் அவரே சொல்லிவிட்டார். கையளவு தூரத்தில் நின்று பார்த்தால் தெரிகிறது, வகுப்பின் முதல் பெஞ்சிலிருந்து பார்த்தால் கழுத்து மடிப்பு என்றுதான் நினைப்பார்கள்.

மீதி ஜெல்லைச் சித்தி கேட்டாள். காதுக்குப் போடலாமாம். இருபது வருஷக் கட்டிக்கு ஜெல் மட்டும் பத்தாது, ட்ரையாம்சினோலோன் என்கிற ஸ்டீராய்டு ஊசியைக் கட்டிக்குள்ளேயே போடுவார்கள், மாதம் ஒரு தடவை, பல மாதம். வெறுமனே வெட்டி எடுத்தால் பழையபடி, சில சமயம் முன்னைவிடப் பெரிதாக முளைக்கும், அதனால் வெட்டினாலும் ஊசியோ அழுத்தக் கம்மலோ கூடவே வேண்டும் என்று டாக்டரம்மா சொன்னதைச் சொன்னேன். வலிக்குமா என்றாள். வலிக்கும் என்றேன். ரொம்ப நேரம் பேசவில்லை. பிறகு, தீபாவளி கழியட்டும், திங்கக்கிழமையாப் பார்த்துச் சீட்டு வாங்கி வை என்றாள். நவம்பர் 4க்கு வாங்கியாயிற்று.