லீட் கிரீன் அசோசியேட் பரீட்சை: தேயிலைத் தோட்டத்திலிருந்து ஆயத்தமாகிறவர்களுக்கு

முதல் தடவை எனக்குக் கிடைத்தது 161 புள்ளிகள். சித்தியடைய 170 வேண்டும். கொழும்பிலுள்ள பரீட்சை நிலையத்தின் திரையில் அந்த எண்ணைப் பார்த்துவிட்டு, மறுநாள் காலை ரயிலில் ஹட்டனுக்குத் திரும்பினேன். நான்கு மாதம் கழித்து இரண்டாம் தடவை எழுதியபோது 183. இரண்டு தடவையும் படித்தது ஒரே கையேட்டைத்தான். படித்த விதம்தான் வேறு. உயர்தரத்தில் தொழில்நுட்பப் பிரிவை முடித்துவிட்டுக் கட்டிட வேலையிலும் ஹோட்டல் பராமரிப்பிலும் இருக்கும் தம்பி தங்கைகள் இந்தப் பரீட்சையைப் பற்றி அடிக்கடி கேட்கிறார்கள். அவர்களுக்காக இதை எழுதுகிறேன்.

முதலில் ஒரு குழப்பத்தைத் தீர்த்துவிடுகிறேன். லீட் என்பது அமெரிக்கப் பசுமைக் கட்டிடப் பேரவையின் தரப்படுத்தல் முறை. வீடு, அலுவலகம், ஹோட்டல், தொழிற்சாலை எதுவானாலும் மொத்தம் 110 புள்ளிகளில் 40 எடுத்தால் சான்றிதழ், 50க்கு வெள்ளி, 60க்குத் தங்கம், 80க்கு பிளாட்டினம். அது கட்டிடத்துக்குக் கிடைப்பது. கிரீன் அசோசியேட் என்பது ஆளுக்குக் கிடைப்பது. அந்த முறை உங்களுக்கு விளங்கும் என்பதற்கு அது அத்தாட்சி. அதை வைத்து எந்தக் கட்டிடத்துக்கும் நீங்கள் சான்றிதழ் எழுதிக் கொடுக்க முடியாது. இங்கே நம் நாட்டில் இலங்கைப் பசுமைக் கட்டிடப் பேரவையின் தரப்படுத்தல் தனியாக உண்டு. 2007 ஆம் ஆண்டின் 35 ஆம் இலக்கச் சட்டத்தால் உருவான நிலைபெறுதகு வலு அதிகாரசபை, கட்டிடங்களின் வலுப் பாவனையை அளந்து பார்க்கும் வலுக் கணக்காய்வாளர்களை அங்கீகரிக்கிறது. எந்தக் கதவைத் தட்டுகிறோம் என்று தெரிந்துகொண்டு பணம் கட்டுங்கள். நான் எழுதிய 2023 இல் இந்தப் பரீட்சைக்கு 250 அமெரிக்க டொலர் கட்டினேன். நம் வீடுகளில் அது சில மாதச் சம்பளம்.

பரீட்சை இரண்டு மணி நேரம், நூறு பல்தேர்வு வினாக்கள். தமிழில் இல்லை, ஆங்கிலத்தில் எழுத வேண்டும். பிழையான விடைக்குப் புள்ளி குறைப்பதில்லை, ஆகவே எதையும் வெறுமையாக விடாதீர்கள். முன் அனுபவமோ பட்டமோ கேட்பதில்லை.

முதல் தடவை நான் செய்த தவறு மனனம். மாதிரி வினாத்தொகுப்பு ஒன்றைக் காசு கொடுத்து வாங்கி, அறுநூறு வினாக்களையும் விடைகளையும் கொப்பியில் எழுதி எழுதிப் பாடமாக்கினேன். பரீட்சையில் அதே விடயங்கள்தான் வந்தன, ஆனால் ஒவ்வொன்றும் வேறொரு சூழலுக்குள் வந்தது. சொல் தெரிந்தது, பொருள் கையில் இருக்கவில்லை. எனக்கு ஆங்கிலம் தெரியாததுதான் காரணம் என்று பலர் சொன்னார்கள். நான் அதை ஏற்கவில்லை. வெப்பக் கடத்தல் பற்றிய அந்தப் பக்கத்தைத் தமிழில் தந்திருந்தாலும் அன்று எனக்கு விளங்கியிருக்காது.

இரண்டாம் தடவை, கையேட்டில் வரும் ஒவ்வொரு சொல்லுக்கும் எங்கள் தோட்டத்தில் ஒரு பொருளைத் தேடினேன்.

கூரையிலிருந்து தொடங்கினேன். எங்கள் லயன் காம்பரா, அதாவது வரிசை வீட்டில் எங்களுக்குரிய அறை, பத்துக்குப் பன்னிரண்டு அடி, தகரக் கூரை, சீலிங் கிடையாது. தை மாத விடியற்காலையில் தகரத்தின் உட்பக்கத்தில் துளி துளியாக நீர் கோத்து நிற்கும். கொஞ்ச நேரத்தில் படுக்கையில் சொட்டும். அம்மா பாயைச் சுவரோரமாக இழுத்துப் போடுவார். மழை பெய்யாத நாளிலும் கூரை ஒழுகுகிறதே என்று சிறு வயதில் நினைத்திருக்கிறேன். இரவில் தகரம் வானத்தை நோக்கி வெப்பத்தை இழந்து குளிர்ந்துவிடுகிறது. எங்கள் மூச்சிலும் சமையலிலும் இருந்து எழும் ஈரம் அந்தக் குளிர்ந்த தகரத்தில் பட்டு நீராகிறது. ஈரம் அப்படி நீராகத் தொடங்கும் வெப்பநிலையைத்தான் புத்தகம் பனிபடுநிலை என்கிறது.

பிறகு கணக்குப் போட்டேன். தகரம் வெப்பத்தைத் தடுப்பதே இல்லை என்று கொள்ளலாம்; தடை இருப்பது இரு பக்கமும் ஒட்டியிருக்கும் மெல்லிய காற்றுப் படலத்தில் மட்டும். உள்ளே 0.10, வெளியே 0.04, கூட்டினால் 0.14. ஒன்றை அதனால் வகுத்தால் ஏறத்தாழ 7. அதாவது ஒரு பாகை வித்தியாசத்துக்கு ஒரு சதுர மீற்றர் வழியாக 7 வோட் வெளியேறுகிறது. காம்பரா சுமார் 11 சதுர மீற்றர். உள்ளுக்கும் வெளிக்கும் பத்துப் பாகை வித்தியாசம் என்றால் கூரை வழியாக மட்டும் கிட்டத்தட்ட 800 வோட் போகிறது. இப்போது தகரத்தின் கீழ் ஐந்து சென்றிமீற்றர் கண்ணாடிக் கம்பளியை வைத்துப் பாருங்கள். அதன் தடை 1.25. மொத்தம் 1.39. இழப்பு 80 வோட்டுக்கு இறங்கிவிடுகிறது. பத்தில் ஒன்று! அந்தக் கணக்கு முடிந்த இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. பரீட்சையில் இந்தக் கணக்கைக் கேட்கமாட்டார்கள். ஆனால் வெப்பக் காப்பு, கூரை, கட்டிட உறை (கட்டிடத்தை மூடியிருக்கும் சுவரும் கூரையும்) பற்றி எப்படித் திருப்பிக் கேட்டாலும் அதற்குப் பிறகு நான் தடுமாறவில்லை.

அடுத்து ஸ்டோர், அதாவது தோட்டத்துத் தேயிலைத் தொழிற்சாலை. கொழுந்து வாட்டும் மாடியில் 12 முதல் 18 மணி நேரம் விசிறிகள் ஓடுகின்றன. அங்கே மெக்கானிக்காக இருக்கும் மாமாவிடம் போய் நின்றேன். ஈரம் இறங்கிய பிறகு காற்று குறைவாகப் போதும் என்றும், வேகத்தைக் கொஞ்சம் குறைத்தாலே மீற்றர் பெரிதாக இறங்கும் என்றும் சொன்னார். ஏன் என்று அவர் சொல்லவில்லை, நான் புத்தகத்தில் தேடினேன். விசிறிக்குத் தேவையான மின்வலு வேகத்தின் மும்மடிக்கு ஏற்ப மாறுகிறது. வேகத்தை 80 வீதமாக்கினால் வலு ஏறத்தாழ 51 வீதமாகிறது. மாமாவுக்கு அந்தக் கணக்கைக் கடதாசியில் எழுதிக் காட்டியபோது, முப்பது வருடமாகக் காதால் கேட்டது இதுதானா என்று அந்தத் தாளை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார்.

தண்ணீரையும் இப்படித்தான் படித்தேன். மலசலகூடத்தில் ஒரு தடவைக்கு 6 லீற்றர், ஷவரில் நிமிடத்துக்கு 9.5 லீற்றர் என்பவை லீட் சேமிப்பை ஒப்பிட எடுத்துக்கொள்ளும் அடிப்படை அளவுகள். நான் வேலை செய்த ஹோட்டலில் வாளியும் மணிக்கூடும் வைத்து ஷவரை அளந்தேன். கலன், அடி என்று அமெரிக்க அலகில் வினா வந்தால் பயப்பட வேண்டாம், மீற்றர் அலகும் பெரும்பாலும் பக்கத்திலேயே இருக்கும்.

எல்லோரும் சறுக்கும் ஓர் இடம் உண்டு. வலுச் சேமிப்பு என்று லீட் சொல்வது போன வருட மின்பட்டியலோடு ஒப்பிடுவதை அல்ல. புதிய கட்டிடத்தில், அதே அளவுள்ள ஒரு கற்பனைக் கட்டிடத்தை ஆஷ்ரே என்ற அமெரிக்கப் பொறியியலாளர் சங்கத்தின் 90.1 தரத்தின்படி கட்டியிருந்தால் எவ்வளவு செலவாகியிருக்கும் என்று கணித்து, அதோடு ஒப்பிடுகிறார்கள். முதல் தடவை இதை விளங்காததால் மட்டும் பல வினாக்களை இழந்தேன் என்று நம்புகிறேன். முன்நிபந்தனைக்கும் புள்ளிக்கும் உள்ள வேறுபாடும் அப்படித்தான்: முன்நிபந்தனையை நிறைவேற்றினால் புள்ளி கிடையாது, நிறைவேற்றாவிட்டால் சான்றிதழே கிடையாது. புதிய கட்டிடங்களுக்கான நான்காம் பதிப்பில் வலு, வளிமண்டலப் பகுதிக்கு மட்டும் 33 புள்ளிகள். படிக்கும் நேரத்தையும் அந்த அளவில் பிரித்துக்கொள்ளுங்கள்.

வீட்டிலிருந்தே இணையவழியில் எழுதவும் வழி உண்டு. தோட்டத்தில் இருப்பவர்களுக்கு அதை நான் சிபாரிசு செய்யமாட்டேன். மின்சாரம் நின்றாலோ சிக்னல் விழுந்தாலோ இரண்டு மணி நேரப் பரீட்சை பாதியில் நின்றுவிடும். முதல் நாளே கொழும்புக்குப் போய்த் தங்கி, நன்றாகத் தூங்கி எழுந்து நிலையத்துக்குப் போங்கள். பதிவு செய்யும்போது கொடுக்கும் பெயரும் நிலையத்தில் காட்டும் அடையாள ஆவணத்தில் உள்ள பெயரும் எழுத்துக்கு எழுத்து ஒன்றாக இருக்க வேண்டும். நம் பிள்ளைகள் பலருக்குப் பிறப்புச் சான்றிதழில் ஒரு எழுத்துக்கூட்டல், அடையாள அட்டையில் இன்னொன்று. அதை முதலில் சரிசெய்யுங்கள்.

நான் எழுதியது நான்காம் பதிப்பை வைத்து. 2025 ஏப்ரலில் ஐந்தாம் பதிப்பு வெளியாகிவிட்டது. உங்கள் பரீட்சை எந்தப் பதிப்புக்கு உரியது என்று பதிவுப் பக்கத்தில் பார்த்த பின்னரே கையேட்டைத் தரவிறக்குங்கள். பழைய பதிப்பின் வினாத்தொகுப்புகளை இன்னும் விற்கிறார்கள், வாங்க வேண்டாம். என்னுடைய கொப்பிகள் இருக்கின்றன. கூரைக் கணக்கும் விசிறிக் கணக்கும் எந்தப் பதிப்பிலும் மாறாதவை, அந்தப் பக்கங்களை வேண்டியவர்களுக்குப் படமெடுத்து அனுப்புகிறேன்.