மழை பெய்தால் கூலி இல்லை

ஆகஸ்ட் 12, செவ்வாய், சுங்கை சிப்புட்
சேமநிதிப் பணத்தில் ஒரு பிள்ளையைப் படிக்க வைப்பதென்று போன வருடமே முடிவு. எதற்குக் கொடுப்பது என்பதில்தான் இழுபறி. கோயில் கமிட்டி நண்பர், “கட்டணத்தைக் கட்டிடுங்க, ரசீது கிடைக்கும்” என்கிறார். அதற்குத்தான் பிடிபிடிஎன் என்கிற மலேசிய அரசின் படிப்புக் கடன் இருக்கிறதே! விடுதிச் செலவுக்குத்தான் என் பணம்.

ஆகஸ்ட் 14
ஏன் விடுதி என்று அவரிடம் சொல்லி மாளவில்லை. 1977-ல் மெல்பர்ன் போனேன். ஆஸ்திரேலியாவின் விட்லம் அரசு 1974-லேயே பல்கலைக்கழகக் கட்டணத்தை எடுத்துவிட்டிருந்தது. வெளிநாட்டுப் பிள்ளைகளும் கட்டவில்லை. (1980-ல் பின்னால் வந்தவர்களுக்குத் தனிக் கட்டணம் வந்தது. நான் தப்பினேன்.) சோற்றுக்கும் படுக்கைக்கும்தான் வழியில்லை. முகம் தெரியாத யாரோ கொடுத்த உதவித்தொகையில், பார்க்வில்லில் 1957-ல் திறந்த இண்டர்நேஷனல் ஹவுஸ் மாணவர் விடுதியில் இரண்டு வருடம் இருந்தேன்.

சாப்பாட்டு மேசையில் பக்கத்து நாற்காலிக்காரன் விக்டோரியா நாட்டுப்புறத்துப் பையன். வெள்ளைக்காரன் என்றாலே தோட்டத்து துரை என்று நினைத்து வளர்ந்தவன் நான். இவன் அப்பா ஆட்டு ரோமம் கத்தரிக்கிற கூலியாள்! ஆட்டுக்கு இவ்வளவு என்று சம்பளம். என் அப்பாவுக்கு வெட்டிய ரப்பர்ப் பாலின் எடைக்கு. மழை வந்தால் இங்கே மரப்பட்டை ஈரம், வெட்டு இல்லை. அங்கே ஆடு ஈரம், கத்தரிப்பு இல்லை. சூப் ஆறிப்போகும்வரை இரண்டு அப்பாக்களின் கணக்கையும் போட்டுப் பார்த்தோம். எந்த விரிவுரையிலும் இது வரவில்லை.

ஆகஸ்ட் 20
பிள்ளை கிடைத்துவிட்டாள். கிழக்கு மலேசியாவில், சபா பல்கலைக்கழகத்தில் இடம். அவள் அம்மாவுக்குக் கலக்கம்: “கடல் தாண்டணுமாம், அங்க குடிநுழைவுச் சோதனை வேறயாம் அண்ணே.” மாதம் 300 வெள்ளி, வருடம் இரண்டு முறை விமான டிக்கெட் என்று பேசி முடித்தேன்.

கூடவே ஒரு நிபந்தனையும் எழுதியிருந்தேன்: தமிழ்ப் பிள்ளைகளோடு மட்டும் சேர்ந்து சாப்பிடக் கூடாது. வீட்டுக்காரி படித்துவிட்டு, “காசையும் கொடுத்துட்டு, யாரோட உக்காந்து சாப்பிடணும்னு சட்டமும் போடுவீங்களா?” என்றாள். அந்த வரியை அடித்துவிட்டேன்.

செப்டம்பர் 27
பெட்டி கட்டுகிறார்கள் என்று எட்டிப் பார்த்தேன்.

“சார், ரூம்ல கடசான் பிள்ளையாம், சபா பூர்வகுடி. சாமி படம் வைக்கலாமா?”

“அவகிட்டயே கேளும்மா.”

அம்மா நெத்திலி சம்பல் போத்தலைச் சேலைத் துணியில் சுற்றிக்கொண்டிருந்தார். வாங்கி, மூடியைச் சுற்றி மூன்று சுற்று டேப் ஒட்டிக் கொடுத்தேன். மெல்பர்னில் எனக்குக் கொட்டியது, இருந்த ஒரே குளிர்கோட்டின்மேல்.