பாதித் தாடை

பல்செட் கட்டுவது என் தொழில், 19 வருடமாக. டாக்டர் அனுப்பும் அச்சில் பிளாஸ்டர் ஊற்றி மாடல் எடுப்பேன். சில நாள் மாடல் நடுவில் உடைந்து ஒரு பாதிதான் தேறும். அதை வைத்து நான் செட் கட்டியதே இல்லை. முன்பல்லின் நடுக்கோடு தெரியாமல் மறுபாதியை ஊகித்தால், துண்டைக் கொஞ்சம் திருப்பி வைத்தாலே வேறு ஆளுடைய வாய் ஆகிவிடும்.

ராமாபிதிகஸ் என்ற பழங்கால வாலில்லாக் குரங்கு பற்றிப் படித்தபோது அதனால்தான் தூக்கமே வரவில்லை.

1932-இல் இமாசலத்தின் ஹரிதல்யங்கரில், சிவாலிக் பாறைகளில், எட்வர்ட் லூயிஸ் என்ற அமெரிக்க மாணவருக்கு மேல்தாடைத் துண்டு ஒன்று கிடைத்தது. வலப்பக்கம் மட்டும். நாலு கடைவாய்ப் பற்கள், கோரைப்பல் இருந்த சிறிய குழி. 1960களில் எல்வின் சைமன்ஸ் என்ற புதைபடிவ ஆய்வாளர் அதன் மறுபக்கத்தை வரைந்து சேர்த்தார். நம் தாடை போலவே வில்லாக வளைந்து வந்தது! கோரைப்பல் சிறியது, எனாமலும் தடிமன். சரி, மனிதனின் முதல் மூதாதை இதுதான் என்று அவரும் டேவிட் பில்பீம் என்ற இன்னொரு ஆய்வாளரும் எழுதினார்கள். பிளஸ் டூ விலங்கியலில் நானும் அதைத்தான் மனப்பாடம் செய்தேன்.

ஆனால் அந்தத் துண்டில் நடுக்கோடே கிடையாது. வில் வந்தது வரைந்தவர் கையில்.

அப்புறம் பாகிஸ்தானின் போட்வார் பீடபூமியில் பில்பீமே தோண்டப் போனார். ராமாபிதிகஸின் இரண்டு பக்கமும் உள்ள கீழ்த்தாடை கிடைத்தது. பல்வரிசை வில்லாக இல்லை, முன்னால் குறுகி ஆங்கில 'வி' போல் இருந்தது. 1980-இல் சிவாபிதிகஸ் என்ற இன்னொரு பழங்கால வாலில்லாக் குரங்கின் முகமே கிடைத்தது. கண்குழிகள் உயரமாக, நெருக்கமாக, அப்படியே ஒராங்குட்டான். ராமாபிதிகஸும் சிவாபிதிகஸும் ஒன்றுதான், மனிதனின் மூதாதை இல்லை, ஒராங்குட்டானின் உறவு என்று ஆனது. தன் பழைய கருத்தை விட்டுவிட்டதாக பில்பீம் வெளிப்படையாகவே எழுதினார். அந்த மனிதர்மேல் எனக்கு அவ்வளவு மரியாதை.

பற்களைக் குறை சொல்ல மாட்டேன். எனாமலில் 96 சதவீதம் தாதுப்பொருள். எலும்பு மட்கிப்போன இடத்திலும் அது கிடக்கும். தடித்த எனாமலைப் பார்த்து, கொட்டையும் விதையும் கடித்த பிராணி என்றார்கள். பிறகு மெல்லும் பரப்பின் நுண்கீறல்களை எலெக்ட்ரான் மைக்ராஸ்கோப்பில் பார்த்தால், அவை பழம் தின்னும் சிம்பன்சியின் கீறல்களைப் போலிருந்தன. தேய்ந்த கடைவாய்ப்பல் மாடலைக் கையில் எடுக்கும்போதெல்லாம் இப்போது விளக்கைச் சாய்த்துப் பிடித்துப் பார்க்கிறேன்.