ட்ரெய்லரில் நிற்காமல் போன 15 ஆம்பியர் ஃபியூஸ்

டெக்சஸில் செகண்ட் ஹேண்டாக வாங்கிய எங்கள் டிராவல் ட்ரெய்லரில் (வண்டியின் பின்னால் இழுத்துச் செல்லும் சக்கர வீடு) படுக்கைப் பக்க விளக்குகள் மட்டும் எரியவில்லை. தண்ணீர் பம்ப், ஏசி எல்லாம் நன்றாக ஓடின. ஏசி, மைக்ரோவேவ் போன்றவை 120 வோல்ட், அவற்றுக்கு பிரேக்கர். விளக்கும் பம்பும் 12 வோல்ட், அவற்றுக்குத்தான் ஃபியூஸ். எங்கள் வண்டியில் இரண்டும் ஒரே பெட்டிக்குள் இருப்பதால் முதலில் வெளி மின்சாரத்தின் பிளக்கைப் பிடுங்கினேன். அப்புறம் பேட்டரியின் நெகட்டிவ் வயரைக் கழற்றினேன். கூரையில் சோலார் இருந்தால் அதையும் பிரித்துவிட வேண்டும். வெயில் அடிக்கும்போதெல்லாம் அது மின்சாரம் கொடுத்துக்கொண்டே இருக்கும்.

பிளேடு ஃபியூஸ்களில் நிறமே அளவைச் சொல்லிவிடும். 10 சிவப்பு, 15 நீலம், 20 மஞ்சள், 30 பச்சை. நீலம் ஒன்றில் உள்ளே இருக்கும் கம்பி அறுந்திருந்தது. மல்டிமீட்டரும் அதையே சொன்னது. புது 15 போட்டு மின்சாரம் கொடுத்ததும் அதுவும் போனது.

"20 போட்டுப் பாரேன்" என்றார் பக்கத்து வண்டிக்காரர். மாட்டேன் என்றேன். ஃபியூஸ் காப்பது விளக்கை அல்ல, சுவருக்குள் ஓடும் வயரை. அந்த வயர் 15 ஆம்பியருக்கு ஏற்ற தடிமன். பெரிய ஃபியூஸ் போட்டால் அது போவதற்கு முன் வயர் சூடேறிவிடும். பக்கத்தில் இருப்பதோ மரப்பலகையும் தெர்மாகோலும்.

கோளாறைத் தேட 1156 என்ற பழைய கார் பல்பு கைகொடுத்தது. அதன் இரண்டு வயர்களையும் ஃபியூஸ் இருந்த இடத்தில் மாட்டி, 12 வோல்ட் மட்டும் கொடுத்தேன். ஷார்ட் இருந்தால் பல்பு முழு வெளிச்சத்தில் எரியும்; ஓடுவது சுமார் 2 ஆம்பியர்தான் என்பதால் ஃபியூஸ்களை வீணாக்காமல் நிதானமாகத் தேடலாம். பல்பு சுடும், பிளாஸ்டிக்கில் படாமல் தொங்கவிட வேண்டும்.

விளக்குகளை ஒவ்வொன்றாகக் கழற்றினேன். பல்பு மங்கவே இல்லை. அப்படியானால் கோளாறு வயரில்தான். படுக்கைக்கு மேலே முந்தைய உரிமையாளர் அடித்திருந்த அலமாரியைப் பார்த்ததும் சந்தேகம் வந்தது. ஒரு ஸ்க்ரூவை வெளியே எடுத்ததும் பல்பு அணைந்தது. அந்த ஸ்க்ரூ வயரின் இரண்டு இழைகளையும் துளைத்து ஒன்றாகச் சேர்த்திருந்தது!

மறுபடி பேட்டரியைப் பிரித்து, அடிபட்ட துண்டை வெட்டி, சூடாக்கினால் சுருங்கி ஒட்டும் கனெக்டர் போட்டு இணைத்தேன். அதே 15 நீலம். விளக்குகள் எரிகின்றன. அலமாரியை வேறு இடத்தில், குட்டை ஸ்க்ரூவில் மாட்டியாயிற்று.

பெட்டிக் கதவில் எந்த ஃபியூஸ் எதற்கு என்ற பட்டியல் பாதி அழிந்திருக்கிறது. அதை எழுதி ஒட்டுவதும், ஒவ்வொரு நிறத்திலும் உதிரி வாங்கி வைப்பதும் பாக்கி. பேட்டரியைத் தலைகீழாக மாட்டினால் முதலில் போகும் பெரிய ஃபியூஸ்களும் இந்தப் பெட்டியில்தான். அவற்றின் அளவை கன்வர்ட்டர் (120 வோல்ட்டை 12 வோல்ட்டாக மாற்றும் கருவி) லேபிளில் பார்த்து அதே அளவில் வாங்க வேண்டும்.