16 வெற்றி, பர்சென்டேஜ் 104: ஒரு ஃபுட்டி சீசனை எக்செலில் போட்டுப் பார்த்தேன்

ஆஸ்திரேலியன் ஃபுட்பால் லீகின், அதாவது ஏஎஃப்எல்லின், 2022 புள்ளிப்பட்டியலை எடுத்துப் பாருங்கள், நாலாவது வரி மட்டும் உறுத்தும். காலிங்வுட், 22 ஆட்டம், 16 வெற்றி, பர்சென்டேஜ் 104.3. அதே 16 வெற்றியோடு மேலே நிற்கிற மெல்போர்னுக்கு 130.5, சிட்னிக்கு 127.9. முதலிடத்தில் இருந்த ஜீலாங்குக்கு 18 வெற்றி, 144.2. காலிங்வுட் நிஜமாகவே நல்ல அணியா, இல்லை அந்த வருடம் சுக்கிர திசை அடித்த அணியா? கொஞ்ச நாளாக வேலை முடிந்து வந்ததும் இதைத்தான் எக்செலில் நோண்டிக்கொண்டிருக்கிறேன். இதுவரை வந்ததை எழுதி வைக்கிறேன்.

ஃபுட்டி என்று ஆஸ்திரேலியர்கள் செல்லமாகச் சொல்கிற இந்த விளையாட்டே புதிது என்பவர்களுக்காகச் சுருக்கமாக: நடுவில் இருக்கிற இரண்டு உயரக் கம்பங்களுக்கு இடையே உதைத்தால் கோல், 6 புள்ளி. விலகி, உயரக் கம்பத்துக்கும் பக்கத்துச் சின்னக் கம்பத்துக்கும் நடுவே போனால் பிஹைண்ட், 1 புள்ளி. அதனால்தான் ஸ்கோரை 12.18 என்று எழுதுகிறார்கள், 12 கோல், 18 பிஹைண்ட், மொத்தம் 90. பட்டியலில், வென்றால் 4 புள்ளி, டிரா என்றால் 2. புள்ளி சமமானால் பர்சென்டேஜ் பார்ப்பார்கள். சீசன் முழுக்க அடித்த புள்ளியை, எதிரணிகளிடம் வாங்கிய புள்ளியால் வகுத்து நூறால் பெருக்கினால் அதுதான் பர்சென்டேஜ்.

நம் கிரிக்கெட் நெட் ரன் ரேட் மாதிரிதானே என்று தோன்றும். வேலை ஒன்றுதான், கணக்கு வேறு. நெட் ரன் ரேட் கழித்தல், இது வகுத்தல். 60-30 என்று வென்றால் அந்த ஆட்டத்துக்கு 200, 120-90 என்று வென்றால் 133. இரண்டிலும் வித்தியாசம் 30 புள்ளிதான். ஆக, எதிரியை அடிக்கவே விடாமல் இறுக்கிப் பிடித்து ஆடுகிற அணிக்குப் பர்சென்டேஜ் கொஞ்சம் சலுகை காட்டும். இது தெரியாமல் இரண்டு அணிகளை ஒப்பிட்டால் தப்பான முடிவுக்குத்தான் போவோம்.

சரி, கணக்குக்கு வருவோம். பேஸ்பால் புள்ளிவிவரங்களில் பெயர்போன பில் ஜேம்ஸ் போட்ட ஒரு சூத்திரம் இருக்கிறது. அடித்ததையும் வாங்கியதையும் வைத்து இந்த அணி எத்தனை ஆட்டம் வென்றிருக்க வேண்டும் என்று சொல்லும். பேஸ்பாலில் இரண்டாம் அடுக்குப் போடுவார்கள், ஃபுட்டிக்கு நாலாம் அடுக்குச் சரியாக உட்காருகிறது. எக்செலில் ஒரே வரிதான்: பர்சென்டேஜை நூறால் வகுத்து நாலாம் அடுக்குக்கு ஏற்று, வருகிற எண்ணை, அதோடு ஒன்று கூட்டிய எண்ணால் வகு, ஆட்டங்களின் எண்ணிக்கையால் பெருக்கு. அவ்வளவுதான்.

2022-க்கு இதைப் போட்டதும் எனக்கே ஆச்சரியம். ஜீலாங்குக்கு 17.9 வருகிறது, நிஜத்தில் 18. மெல்போர்னுக்கு 16.4, நிஜத்தில் 16. சிட்னிக்கு அச்சு அசலாக 16. பிரிஸ்பேனுக்கு 14.7, நிஜத்தில் 15. அடிமட்டத்திலும் அப்படியே: வெஸ்ட் கோஸ்டுக்கு 2.5, நார்த் மெல்போர்னுக்கு 1.9, இரண்டும் வென்றது தலா 2. இப்படி வரிசையாகப் பொருந்திக்கொண்டே வந்து காலிங்வுட்டில் மட்டும் இடிக்கிறது. சூத்திரம் 12 என்கிறது, அவர்கள் வென்றது 16. வாங்கியதைவிட 4 சதவீதம்தான் அதிகமாக அடித்திருக்கிறார்கள், அதாவது ஆட்டத்துக்குச் சராசரியாக 4 புள்ளிகூட இல்லை, ஒரு கோலுக்கும் குறைவு. வெறும் பர்சென்டேஜ் வரிசையில் பட்டியல் போட்டால் ஃபைனல்ஸ் என்கிற கடைசிச் சுற்று ஆட்டங்களுக்குப் போகிற முதல் எட்டுக்குள்ளேயே வரமாட்டார்கள்.

எப்படி என்று ஆட்டம் ஆட்டமாகப் பார்த்தால் விஷயம் தெரிந்துவிடும். ஜெயித்தது பெரும்பாலும் மயிரிழையில். 19-வது ரவுண்டில் எஸ்ஸெண்டனுக்கு எதிராக, ஆட்டம் முடிகிற சைரன் அடித்த பிறகு ஜேமி எலியட் உதைத்த கோலால் 4 புள்ளியில் வெற்றி. கடைசி ரவுண்டில் கார்ல்டனை 75-74 என்று ஒரே புள்ளியில். பாவம், கார்ல்டனைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லியாக வேண்டும். அதற்கு முந்தைய வாரம் மெல்போர்னிடம் 5 புள்ளியில் தோற்று, இந்த வாரம் ஒரு புள்ளியில் தோற்று, 12 வெற்றியோடு வெஸ்டர்ன் புல்டாக்ஸுக்குச் சமமாக நின்று, 108.9-க்கு 108.3 என்று 0.6 பர்சென்டேஜில் எட்டிலிருந்து வெளியே போனார்கள். கார்ல்டன் ரசிகர்களிடம் இந்தப் பேச்சை எடுக்காமல் இருப்பது நல்லது.

பர்சென்டேஜை அப்படியே நம்பலாம் என்று நினைக்க ஆரம்பித்த நேரத்தில் 2023 சிட்னி வந்து மாட்டியது. அந்த வருடம் அவர்கள் 12 வெற்றி, 10 தோல்வி, ஒரு டிரா, எட்டாம் இடம். பர்சென்டேஜ் 110-ஐ ஒட்டி. பார்க்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் ஜூன் மாதம் வெஸ்ட் கோஸ்டை 31.19-க்கு 5.4 என்று, அதாவது 205-34 என்று, 171 புள்ளி வித்தியாசத்தில் துவைத்து எடுத்தார்கள். அந்த ஒரு ஆட்டத்தின் வரியை மட்டும் மறைத்துவிட்டுக் கூட்டிப் பாருங்கள், மீதி 22 ஆட்டத்தின் பர்சென்டேஜ் 100-க்குக் கொஞ்சம் மேலே வந்து நிற்கிறது. சீசன் முழுக்கச் சேர்த்த லாபத்தில் பெரும்பகுதி ஒரே பிற்பகலில் வந்தது! எதிரணி கையைத் தூக்கிவிட்ட பிறகு அடிக்கிற 20-வது, 25-வது கோல்கள் அடுத்த வாரத்தைப் பற்றி ஒன்றும் சொல்வதில்லை.

அதனால் ஒரு உச்சவரம்பு வைத்தேன். எந்த ஆட்டத்திலும் வித்தியாசம் 60-ஐத் தாண்டினால் 60 என்றே எடுத்துக்கொள்வது. ஏன் 60, ஏன் 50 இல்லை என்று கேட்டால் பெரிய தத்துவம் ஒன்றும் கிடையாது, பத்து கோல் என்பது மனசில் நிற்கிற எண். இப்படிப் போட்டதும் சிட்னி தன் 12 சொச்சம் வெற்றிக்கு ஏற்ற இடத்துக்கு இறங்கி வந்துவிட்டது. ஜீலாங் மாதிரியான நிஜப் பலசாலிகளுக்குப் பெரிதாக எதுவும் குறையவில்லை. இந்த உச்சவரம்பை யார் செய்தாலும் சேர்த்துக்கொள்ளச் சொல்வேன்.

அப்புறம் டிவியில் நாள் முழுக்கப் பேசுகிற மற்ற புள்ளிவிவரங்கள். டிஸ்போசல், கிளியரன்ஸ், டேக்கிள், ஹிட் அவுட், இன்சைட் 50. இதில் டிஸ்போசலை, அதாவது உதைத்தோ கையால் குத்தியோ பந்தை அனுப்பிய எண்ணிக்கையை, நான் ஆரம்பத்திலேயே கழற்றிவிட்டேன். தற்காப்புப் பகுதியிலேயே பந்தைப் பக்கவாட்டில் உதைத்து உதைத்து நேரம் போக்கினாலும் எண்ணிக்கை ஏறும். இன்சைட் 50 கொஞ்சம் மரியாதையான எண், எதிரணி கோலிலிருந்து 50 மீட்டர் வளைவுக்குள் எத்தனை தடவை பந்தைக் கொண்டுபோனார்கள் என்பது. ஆனால் அதையும் தனியாக வைத்து ஒன்றும் சொல்ல முடியாது. 2023 குவாலிஃபையிங் ஃபைனலில் மெல்போர்ன் 69 தடவை உள்ளே போனது, காலிங்வுட் 37 தடவை. இந்த இரண்டு எண்ணை மட்டும் காட்டி யார் ஜெயித்தது என்று கேட்டால் யாரும் யோசிக்கவே மாட்டார்கள். முடிவு காலிங்வுட் 9.6, மெல்போர்ன் 7.11, அதாவது 60-53. ஏறக்குறைய இரண்டு மடங்கு தடவை உள்ளே போய் மெல்போர்ன் கொண்டுவந்தது 18 ஸ்கோர், காலிங்வுட் 15. உள்ளே போவது மட்டும் போதாது, எந்த இடத்துக்குப் பந்து போகிறது, அங்கே யார் நிற்கிறார்கள் என்பதுதான் முக்கியம், அது இந்த எண்ணில் இல்லை.

நான் வைத்துக்கொண்டது ஸ்கோர் எண்ணிக்கைதான், கோலும் பிஹைண்டும் சேர்த்து. இது எளிது, ஸ்கோர்கார்டிலேயே இருக்கிறது, துல்லியத்தின் ஆட்டத்தைத் தனியே பிரித்துக் காட்டும். 2023 கிராண்ட் ஃபைனலை எடுங்கள்: காலிங்வுட் 12.18, பிரிஸ்பேன் 13.8. கோல் அதிகம் அடித்தது பிரிஸ்பேன், கோப்பை காலிங்வுட்டுக்கு, 90-86. ஆனால் ஸ்கோர் எண்ணிக்கை 30-க்கு 21. நாலு புள்ளி வெற்றியை மட்டும் பார்த்தால் தப்பிப் பிழைத்த மாதிரி இருக்கும், இந்த எண்ணைப் பார்த்தால் வாய்ப்புகளை உருவாக்கியது யார் என்று புரியும். பிஹைண்டில் கம்பத்தைத் தாக்கியதும், பாதுகாக்கிறவர்களே வேண்டுமென்று தள்ளிவிட்டதும்கூடச் சேரும், அதனால் இது சுத்தமான அளவு என்று சொல்லமாட்டேன். இருந்தாலும் ஒரு சீசன் முழுக்கக் கூட்டினால் நன்றாகவே பேசுகிறது.

தரவு கிடைப்பதில் கஷ்டமே இல்லை. ஏஎஃப்எல் டேபிள்ஸ் தளத்தில் 1897-லிருந்து ஒவ்வொரு ஆட்டமும், கால் பகுதி கால் பகுதியாக இருக்கிறது. ஆர் மொழி தெரிந்தவர்களுக்கு ஃபிட்ஸ்ராய் என்ற பேக்கேஜ் இருக்கிறது, ஒரே கட்டளையில் சீசன் முழுவதும் இறங்கிவிடும். ஒன்று மட்டும் கவனம்: 2020-ஐ மற்ற வருடங்களோடு கலக்காதீர்கள். கோவிட் காரணமாக 17 ஆட்டம்தான், கால் பகுதிக்கு 20 நிமிடத்துக்குப் பதில் 16 நிமிடம், மொத்த எண்கள் எல்லாமே சின்னதாக இருக்கும்.

அட்டவணை இன்னொரு தலைவலி. 18 அணி, 2023-லிருந்து ஆளுக்கு 23 ஆட்டம். 17 பேரோடும் ஒரு தடவை ஆடிவிட்டு, மீதி 6 ஆட்டத்தை யாரோடு இரண்டாம் தடவை ஆடுவது என்பது லீக் முடிவு செய்வது. முந்தைய வருடம் மேலே இருந்தவர்களுக்குப் பலமான எதிரிகள் கூடுதலாக விழும். 2021-ல் 17-வது இடத்தில் இருந்த காலிங்வுட்டுக்கு, 2022-ல் இந்த விஷயத்தில் கொஞ்சம் காற்று சாதகம்தான். சொந்த மைதானம் என்பதும் ஏமாற்றும். கார்ல்டனும் காலிங்வுட்டும் மெல்போர்னின் எம்சிஜி மைதானத்தில் மோதினால் யாருக்குச் சொந்த மைதானம்? இரண்டும் மெல்போர்ன் நகரத்து அணிகள், இரண்டு பேருக்கும் அதே டிராம்தான். எனவே எதிரணி வேறு மாநிலத்திலிருந்து வந்திருந்தால் மட்டும் உள்ளூர் அணியின் வித்தியாசத்தில் 10 புள்ளி கழிக்கிறேன், தூரத்துப் பெர்த்திலிருந்து வந்திருந்தால் இன்னும் கொஞ்சம். ஜீலாங் தனிக் கேஸ், அதே மாநிலம்தான், ஆனால் அவர்கள் மைதானமான கார்டினியா பார்க்கில் போய் அவர்களை ஜெயித்துவிட்டு வாருங்கள் பார்ப்போம்.

சரி, மயிரிழை வெற்றிகள் அடுத்த கட்டத்துக்குத் தாங்குமா? 2016 ஹாதர்ன் 17 வெற்றி, பர்சென்டேஜ் 118 சொச்சம், சூத்திரம் கொடுத்தது 14.6. ஃபைனல்ஸில் இரண்டு ஆட்டமும் தோற்று வெளியே. 2023 போர்ட் அடிலெய்டு தொடர்ந்து 13 ஆட்டம் வென்று 17 வெற்றியோடு முடித்தது, பர்சென்டேஜ் 112-ஐ ஒட்டி, சூத்திரம் 14 என்றது. அவர்களும் இரண்டே ஆட்டத்தில் வெளியே. காலிங்வுட் மட்டும் அடங்கவில்லை. 2022 ஃபைனல்ஸில் ஜீலாங்கிடம் 6 புள்ளியில் தோற்று, ஃப்ரீமேண்டிலை 20-ல் வென்று, சிட்னியிடம் 95-94 என்று ஒரு புள்ளியில் தோற்றார்கள், அந்த இரண்டு அணிகளும்தான் கிராண்ட் ஃபைனலில் ஆடின. அடுத்த வருடம் பர்சென்டேஜ் 127-ஐத் தொட்டது, 18 வெற்றி, சூத்திரத்தின்படியும் 16.6. அங்கேயும் ஃபைனல்ஸை வென்றது 7, 1, 4 என்ற வித்தியாசங்களில்.

பயிற்சியாளர் கிரெய்க் மெக்ரே வந்த பிறகு கடைசி ஐந்து நிமிடங்களை எப்படி ஆடுவது என்று தனியாகப் பழகினார்கள் என்பதை ரசிகர்கள் அடித்துச் சொல்வார்கள். அதில் பாதி உண்மை இருக்கலாம் என்றுதான் இப்போது எனக்குத் தோன்றுகிறது. ஆனால் 12-க்கும் 16-க்கும் இடையில் இருக்கிற நாலு வெற்றியையும் பயிற்சிக் கணக்கில் எழுத நான் தயாராக இல்லை. 2024-ல் அதே பயிற்சியாளர், ஏறக்குறைய அதே ஆட்கள், 12 வெற்றி, 9 தோல்வி, 2 டிரா, ஒன்பதாம் இடம். எட்டாவதாக உள்ளே போனது அதே புள்ளியில் நின்ற கார்ல்டன், பர்சென்டேஜில்.