மெட்ரிக் முடித்தவருக்கு ‘சேஃப்டி இன் சொசைட்டி’ எதற்கு?

தென்னாப்பிரிக்காவின் டர்பனில் ஜனவரி பிறந்தால் சாட்ஸ்வொர்த், ஃபீனிக்ஸ் வீடுகளில் பிள்ளையை எங்கே சேர்ப்பது என்பதுதான் பேச்சு. போலீஸ் வேலையில் ஆசை உள்ள பையன் என்றால் யாராவது ஒரு மாமா ‘சேஃப்டி இன் சொசைட்டி’ படிக்கச் சொல்வார். சொல்வதில் தப்பில்லை. ஆனால் அந்தப் பையன் மெட்ரிக் (இங்கே பன்னிரண்டாம் கிரேடு) முடித்துவிட்டானா என்று முதலில் கேட்க வேண்டும்.

‘சேஃப்டி இன் சொசைட்டி’ என்பது அரசு டிவெட் கல்லூரிகளில் (தொழிற்கல்விக் கல்லூரிகளில்) நடக்கும் என்சிவி, அதாவது தேசியத் தொழிற்சான்றிதழ்ப் படிப்பு. லெவல் 2, 3, 4 என்று மூன்று ஆண்டுகள். ஒன்பதாம் கிரேடு தேறியவர் சேரலாம். சட்டம், போலீஸ் நடைமுறை, குற்றவியல் நீதி, ஆட்சிமுறை ஆகியவற்றோடு ஆங்கிலம், கணிதம் அல்லது மேத்ஸ் லிட்டரசி (அன்றாடக் கணக்கு), லைஃப் ஓரியன்டேஷன் (வாழ்வியல் பாடம்) உண்டு. மூன்று ஆண்டு முடிவில் கிடைப்பது என்கியூஎஃப் என்ற தேசியத் தகுதிப் படிவரிசையில் நான்காம் படி. மெட்ரிக்கும் அதே நான்காம் படிதான். பத்தாம் கிரேடிலோ பதினொன்றிலோ பள்ளியை விட்டவருக்கு இது நல்ல ஏணி. மெட்ரிக் முடித்தவருக்கோ மூன்று ஆண்டு நடந்து, புறப்பட்ட இடத்துக்கே வந்து சேருவது போல.

அந்த மூன்று ஆண்டுக்கு விலை உண்டா? 2025 மார்ச் 1 முதல் ஓராண்டுக்குத் தேசியக் குறைந்தபட்சக் கூலி மணிக்கு 28.79 ராண்டாக இருந்தது. படிக்காமல் காவலாளி வேலைக்குப் போனால் மாதம் 208 மணி நேரம். பெருக்கினால் 5,988 ராண்ட், 36 மாதத்துக்குச் சுமார் 2,15,000 ராண்ட். செக்யூரிட்டித் துறையின் ஒப்பந்தக் கூலி தரத்துக்கேற்ப இதைவிட மேலே போகும் என்பதால் இது அடிமட்டக் கணக்கு. 15 முதல் 24 வயதுக்குள் வேலையில் இருப்போரையும் வேலை தேடுவோரையும் சேர்த்து எண்ணினால் பாதிக்கு மேல் வேலையில்லாமல் இருக்கும் நாட்டில் இந்தத் தொகை முழுவதையும் ‘இழப்பு’ என்று எழுதுவது நியாயமில்லை. பாதியாகக் குறைத்தே வைத்துக்கொள்ளுங்கள். அப்படியும் ஒரு லட்சம் ராண்ட் நிற்கிறது.

அரசு கல்லூரியில் கடன் பயம் குறைவு. குடும்ப ஆண்டு வருமானம் 3,50,000 ராண்டுக்குள் இருந்தால் என்ஸ்ஃபாஸ் என்ற அரசு உதவித்தொகை கிடைக்கும். திருப்பிக் கட்ட வேண்டாம். வழக்கமாகக் காலை வாருவது வருகைப்பதிவு. 80 சதவீதத்துக்குக் கீழே போனால் தேர்வு எழுத முடியாது. மதிப்பெண்ணிலும் ஒரு கண் வேண்டும்: தொழில் பாடங்களில் தேற 50, ஆங்கிலத்துக்கு 40, கணிதத்துக்கு 30. வெறுமனே தேறினால் டிப்ளமோ கதவு திறக்காது. அதற்கு மூன்று தொழில் பாடங்களில் 60, ஆங்கிலம் உள்ளிட்ட அடிப்படைப் பாடங்களில் 50 வேண்டும்.

தனியார் கல்லூரிதான் சிக்கல். என்ஸ்ஃபாஸ் அங்கே வராது. கட்டணத்துக்குப் பெரும்பாலும் ஈடில்லாக் கடன். 30,000 ராண்ட் வாங்கி மூன்று ஆண்டில் கட்டுவதாக வைப்போம். சட்டப்படி உச்ச வட்டி ரெப்போ விகிதத்துக்கு (ரிசர்வ் வங்கி மற்ற வங்கிகளிடம் வாங்கும் வட்டிக்கு) மேல் 21 சதவீதம். 2025 நவம்பரில் ரெப்போ 6.75, ஆக 27.75 சதவீதம். தவணை 1,237 ராண்ட், சேவைக் கட்டணம் வரியோடு 69, மொத்தம் மாதம் 1,306. தொடக்கக் கட்டணம் சுமார் 1,200 ராண்டையும் சேர்த்தால் 30,000 கிட்டத்தட்ட 48,200 ஆகிறது. கடன் காப்பீடு என்று ஒன்றைத் தலையில் கட்டினால் அது தனி.

இது அதிகமா, குறைவா? அமெரிக்காவில் கம்யூனிட்டி காலேஜ் போன்ற இடங்களின் தொழிற்சான்றிதழ்களை அளக்க 2023-ல் அரசே ஓர் அளவுகோல் வகுத்தது: கல்விக்கடன் தவணை ஆண்டு வருமானத்தில் 8 சதவீதத்தைத் தாண்டக் கூடாது, அல்லது அத்தியாவசியச் செலவு போக மிஞ்சும் வருமானத்தில் 20 சதவீதத்துக்குள் இருக்க வேண்டும். அந்த நாட்டு டாலர் கணக்குகளை இங்கே இறக்கிப் பார்ப்பதில் பயனில்லை. இந்த 8 சதவீதம் மட்டும் உதவும். 5,988 ராண்டில் அது 479. நம் தவணையோ சம்பளத்தில் 22 சதவீதம். 479 ராண்ட் தவணைக்கு மூன்று ஆண்டில் தாங்கும் கடன் சுமார் 10,000 ராண்ட்தான். இதற்கு மேல் கேட்கும் சான்றிதழ் அடிமட்டக் கூலியை எவ்வளவு தூக்கிவிடும் என்று கல்லூரி காட்டட்டும்.

தவணை தவறினால் நீதிமன்ற உத்தரவு பெற்றுச் சம்பளத்தில் பிடிக்கலாம். அடிப்படைச் சம்பளத்தில் 25 சதவீதம் உச்சம். அதைவிடப் பெரிய அடி வேறு இடத்தில் விழும். பணம் கையாளும் வேலைக்கு எடுக்கும்போது முதலாளி கடன் பதிவைப் பார்க்கலாம். கேஷ் இன் டிரான்சிட் (பணத்தைக் காவலோடு வண்டியில் கொண்டுபோவது) போன்ற, கூலி சற்று நல்ல வேலைகள் அந்த வகை. வேலைக்காக வாங்கிய கடனே அந்த வேலையைத் தடுத்துவிடும்.

வேலைக் கதவுகளைத் திறப்பவை வேறு காகிதங்கள். பிசிரா (தனியார் பாதுகாப்புத் துறையின் ஒழுங்குமுறை ஆணையம்) பதிவுக்கு 18 வயது, அங்கீகாரம் பெற்ற நிலையத்தில் ஈ, டி, சி என்று மேலேறும் கிரேடு பயிற்சி, கைரேகை, குற்றப்பதிவு சரிபார்ப்பு வேண்டும். சில வாரங்களில் முடியும் வேலை. என்சிவி சான்றிதழ் தானாகப் பிசிரா பதிவாகிவிடாது. துப்பாக்கித் தகுதிச் சான்றுக்கு 21 வயது ஆக வேண்டும். 18 வயதுப் பையனிடம் அந்தப் பயிற்சிக்குக் காசு கேட்டால் எழுந்து வந்துவிடுங்கள். போலீசுக்கு மெட்ரிக் போதும், அல்லது என்சிவி லெவல் 4. விண்ணப்பத்துக்குக் கட்டணமே கிடையாது. ‘இடம் வாங்கித் தருகிறேன்’ என்பவர் திருடர். அந்தக் காசில் கோட் பி (கார்) ஓட்டுநர் உரிமம் எடுத்தால் எங்கும் உதவும்.

மெட்ரிக் மதிப்பெண் நன்றாக இருந்தால் எங்கள் யோசனை: சி கிரேடோடு வேலையில் சேர்ந்து, யுனிசாவில் (தென்னாப்பிரிக்கப் பல்கலைக்கழகத்தில்) போலீசிங் டிப்ளமோவை அஞ்சல் வழியில் சில பாடங்களாகப் படிப்பது. அது ஆறாம் படி. இரவு ஷிப்டுக்குப் பிறகு படிப்பது லேசில்லை; நான்கு பாடத்தில் தொடங்காமல் இரண்டில் தொடங்குங்கள்.

தனியார் கல்லூரியே என்று முடிவாகிவிட்டால், உயர்கல்வித் துறைப் பதிவு எண்ணைக் கேட்டு, துறையின் பட்டியலில் அதே எண் இருக்கிறதா பாருங்கள். ‘ஷார்ட் கோர்ஸ்’ என்று எழுதியிருந்தால் அது எந்தப் படியிலும் சேராது. கடன் கொடுப்பவரிடம் ஒப்பந்தத்துக்கு முந்தைய விவரத்தாளும் விலைப்பட்டியலும் வாங்கிக்கொண்டு வீட்டுக்கு வந்துவிடுங்கள். சட்டப்படி ஐந்து வேலை நாளுக்கு அதே விலை நிற்கும். இன்றே கையெழுத்துப் போட்டால்தான் இடம் என்பது கல்லூரியின் அவசரம்.