ஒரு ‘தானே’

“வாந்தி எடுக்கேல்லைத்தானே?” என்றுதான் கேட்டேன். “இல்லை அண்ணா” என்றாள். இரண்டாம் மணி இரத்தத்தை எடுத்தேன். நடந்தது இவ்வளவுதான்.

கர்ப்பிணிகளுக்குச் செய்யும் அந்தச் சீனிப் பரிசோதனை தெரிந்ததுதானே. வெறும் வயிற்றில் ஒருமுறை குத்தி இரத்தம் எடுக்க வேண்டும். பிறகு 75 கிராம் குளுக்கோசைத் தண்ணீரில் கரைத்து ஐந்து நிமிடத்துக்குள் குடிக்கக் கொடுக்க வேண்டும். முதல் மிடறிலிருந்து மணிக்கூடு ஓடும். ஒரு மணி நேரத்தில் ஒரு குத்து, இரண்டு மணி நேரத்தில் இன்னொன்று. இடையில் வாந்தி எடுத்தால் அன்றைக்கு அவ்வளவுதான், வேறொரு நாள் வர வேண்டும்.

அவள் சம்பூரிலிருந்து மாமியாரோடு முதல் பஸ்ஸில் வந்திருந்தாள். முதல் மணி இரத்தம் கொடுத்து அரை மணி போயிருக்கும், பின்பக்கம் குழாயடிக்குப் போனாள். தண்ணீர் கொஞ்சம் அதிக நேரம் ஓடியது. திரும்பி வந்தபோது சால்வை நுனி நனைந்திருந்தது, கையில் தேசிக்காய் மணம். தேசிக்காய் மணக்கிறவர்கள் எல்லாம் வாந்தி எடுத்தவர்கள் இல்லை. வெயிலில் முகம் கழுவினாலும் சால்வை நனையும். இதைச் சொல்லி எத்தனையோ தடவை என்னைச் சமாதானப்படுத்திப் பார்த்துவிட்டேன்.

ஆனால் ஒன்றும் நடக்கவில்லை என்று நினைத்திருந்தால் நான் அப்படிக் கேட்டிருக்க மாட்டேன். “வாந்தி எடுத்தீங்களா?” என்பது கேள்வி. “எடுக்கேல்லைத்தானே?” என்பதில் பதிலை நானே எடுத்துக் கொடுத்துவிட்டேன். அவள் தலையாட்டினால் போதும். சரி, பொய் சொன்னது யார்?

மாமியார் அப்போது என்னைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். திரும்ப வருவதென்றால் இன்னொரு நாள் கூலி, இன்னொரு நாள் பட்டினி, மூதூர், கிண்ணியா என்று அதே பஸ் குலுக்கல். ஏழு மாத வயிற்றோடு. இரக்கப்பட்டேன் என்று சொல்லலாம். வெளியே இன்னும் பதினொரு பேர் இருந்தார்கள் என்பதும் உண்மை.

ஒன்றரை மணி நேரத்துக்குப் பிறகு வயிற்றில் என்ன மிஞ்சியிருக்கப் போகிறது, பெரும்பகுதி இரத்தத்துக்குப் போயிருக்கும் என்றும் யோசித்தேன். அது தவறான யோசனை இல்லை. ஆனால் அதைத் தீர்மானிக்க வேண்டியவன் நானில்லை. நேரத்தைக் குறித்து, படிவத்தில் ஒரு வரி எழுதி, ஆய்வுகூடத்தில் கேட்டிருக்கலாம். எழுதவில்லை.

இரண்டாம் மணிக்கு 131 வந்தது. உலக சுகாதார நிறுவனம் 2013இல் சொன்ன எல்லைகள் வெறும் வயிற்றுக்கு 92, முதல் மணிக்கு 180, இரண்டாம் மணிக்கு 153. மூன்றிலும் அவள் உள்ளே. கூடி வந்திருந்தால் பயமில்லை, குளுக்கோசைக் கக்கியும் கூடியிருக்கிறது என்றால் நம்பலாம். குறைந்து வந்ததை எப்படி நம்புவது? இத்தனைக்கும் அந்த இரத்தத்தைச் சாம்பல் நிற மூடிக் குழாயில்தான் எடுத்தேன். வெளியே வந்த பிறகும் இரத்தக் கலங்கள் சீனியைத் தின்றுகொண்டே இருக்கும், அதைத் தடுக்கத்தான் உள்ளே சோடியம் புளோரைட்டு. எட்டுத் தடவை மெதுவாகக் கவிழ்த்து நிமிர்த்தினேன். குழாய்க்குள் குறையாமல் பார்த்துக்கொள்வதில் நான் வலு கவனம்.

பிள்ளை நல்லபடியாகத்தான் பிறந்திருக்கும். பெரும்பாலும் அப்படித்தான் நடக்கும். அவள் பிறகு எங்களிடம் வரவில்லை. வருவதற்குக் காரணமும் இல்லை, ரிப்போர்ட் நல்லதுதானே.

இப்போது “எடுத்தீங்களா?” என்றே கேட்கிறேன். அவசரமான காலையில் பழைய ‘தானே’ நாக்கு நுனி வரை வரும், விழுங்கிக்கொள்வேன். போன கிழமை நிலாவெளி அக்கா ஒருவர் “ஓம் தம்பி, கொஞ்சம்” என்றார். பரிசோதனையை நிறுத்தி, வேறு நாள் வரச் சொன்னேன். பையை எடுத்துக்கொண்டு வாசல் வரை போனவர் திரும்பி நின்றார்.

“அப்ப இல்லை எண்டு சொல்லியிருந்தா எடுத்திருப்பீங்களோ?”

ஓம் என்றேன்.